பின்சீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்

போன மாதம் என் அக்கா மகன் ஒரு பழைய ஃபியட் கார் வாங்கி வந்தான். அவன் பிறப்பதற்கு முன்பே ஓடி ஓய்ந்த வண்டி. அதன் பின்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டினான். பின் சக்கரங்களுக்குப் புது மாதிரி பிரேக்கும் வைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டிப் பார்க்கக் கிளம்பியவன், பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்தால்தான் வேலையின் லட்சணம் தெரியும் என்று என்னைக் கூப்பிட்டான். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஆள் நான். ஏறிக்கொண்டேன். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சித்தி, தூக்கிப் போடுதா?" என்று கேட்டான்.

இறக்கி விடச் சொன்னேன். அவன் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அதையும் நான் வாங்கவில்லை. பாவம், தான் செய்த வேலையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அன்று முழுவதும் வண்டிக்கு அடியிலேயே கிடந்தான்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மாமாவிடமும் இதே மாதிரி ஒரு கார் இருந்தது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஒரு தொழிற்சாலையில் டிராப்ட்ஸ்மேன் வேலை. எதையும் அளந்து, படம் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்புவார். ராஜகீழ்ப்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். சுற்றிலும் காலி மனைகளும் முள்செடிகளும்தான். நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். எங்கள் வீட்டில் மூன்று பெண்கள். நான் கடைசி. மாமாவுக்கு ஒரே மகள். என்னைவிட எட்டு மாதம் பெரியவள். பாவாடை ஜரிகையிலிருந்து பம்பரம் வரை எல்லாவற்றிலும் என்னைவிட ஒரு படி மேலே இருந்தாள். அந்தக் காரின் பின்சீட்டில் இடது பக்க ஜன்னல் அவளுடையது. நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை.

அந்த ஐப்பசி மழையில் அவள் இறந்துபோனாள். இரவு முழுவதும் வயிற்றுவலி. காலையில் நிற்க முடியவில்லை. மாமா அவளைக் காரில் போட்டுக்கொண்டு, ரயில்வே கேட்டைத் தாண்டி குரோம்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ரோடு முழுக்கப் பள்ளம். வண்டியின் பின்பக்க ஸ்பிரிங் தொய்ந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்போடு இரும்பு மோதியது. பிரேக் ஒரு பக்கமாக இழுத்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள், "அப்பா, மெதுவா, அப்பா, மெதுவா" என்று அழுதாளாம். மாமாவும் மெதுவாகவே போனார். கேட் மூடப்போகிற மணி அடித்தபோது வேகமாகப் போயிருந்தால் தாண்டியிருக்கலாம். அந்த வண்டியில் தண்டவாளத்தை வேகமாகத் தாண்டினால் அவளுக்கு என்ன ஆகும் என்று நினைத்து நிறுத்திவிட்டார். கேட் மூடியது. மூன்று ரயில்கள் போன பிறகுதான் திறந்தது. குடல்வால் எப்போதோ வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கே இருந்த ஒருவர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கக் கூடாதா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

இதெல்லாம் பெரியவர்கள் சமையலறையில் பேசி நான் கேட்டது. கேட்டேனே தவிர, அதை ஒரு கதையாகத்தான் கேட்டேன். இன்னொன்றும் கேட்டேன். ஆடி மாதமே மெக்கானிக் பாய், பின்பக்க ஸ்பிரிங்கையும் பிரேக்கையும் மாற்றச் சொல்லியிருந்தார். தீபாவளி கழியட்டும் என்று மாமா தள்ளிப்போட்டார். தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தபோது அவள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்ததும் மாமா வண்டியைக் கொண்டுபோய் பாயின் ஷெட்டில் விட்டார். விற்கப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். தை பிறந்தும் வண்டி ஷெட்டிலேயே இருந்தது. மாமா வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் அங்கேதான் போகிறார் என்று அம்மா சொன்னாள்.

ஒரு நாள் மாலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் மூவரையும் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். பிளாட்பாரத்தில் கலர் பல்புகள் மின்ன ஒரு எடை மிஷின் நிற்கும். காசு போட்டால் கெட்டி அட்டையில் சின்னதாக ஒரு டிக்கெட் விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். எங்களை ஒவ்வொருவராக ஏற்றினார். பெரிய அக்கா முப்பத்து மூன்று கிலோ. சின்ன அக்கா இருபத்தொன்பது. நான் இருபத்தாறு. மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய டிக்கெட்டை எடுத்தார். ஓரம் மழுங்கிப் பழுப்பேறியிருந்தது. அதையும் என் டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார்.

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. எங்கள் யாரையும் அவர் பார்க்கவில்லை. பழைய டிக்கெட்டின் பின்னால் இருந்ததை நான் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். 'உங்கள் சொல்லை அனைவரும் கேட்டு நடப்பார்கள்' என்று போட்டிருந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நான் தன்னோடு வரவேண்டும் என்று மாமா கேட்டார். "இவ எதுக்குண்ணா?" என்றாள் அம்மா. "வண்டி வேலை முடிஞ்சிடுச்சு. ஓட்டிப் பாக்கணும். வேலை நல்லா வந்திருந்தா ஞாயித்துக்கிழமை இவள வண்டலூர் ஜூவுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையாட்டினாள். அண்ணன் கேட்டு இல்லை என்று சொல்கிற நாட்கள் இல்லை அவை.

எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. மூன்று பேரில் என்னைத் தேர்ந்தெடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. புலி, கரடி, அந்த ஜன்னல் சீட்.

மறுநாள் மதியம் ராஜகீழ்ப்பாக்கத்தில் போய் இறங்கினேன். நல்ல வெயில். மாமா வீட்டு வாசலில் வண்டி நின்றது. கழுவித் துடைத்திருந்தார்கள். ஆனால் அது நின்ற விதம் சரியாக இல்லை. பின்பக்கம் உயர்ந்திருந்தது. அதிலும் இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக உயர்ந்திருந்தது. அந்த ஓரத்திலிருந்து யாரோ இப்போதுதான் இறங்கி உள்ளே போனது போல இருந்தது. நான் வீட்டுக் கதவைப் பார்த்தேன். யாரும் இல்லை.

பாய் சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். குண்டான மனிதர். கையைத் துடைக்கத் துடைக்கக் கறுப்பாகிக்கொண்டே இருக்கும் ஒரு துணி எப்போதும் தோளில் கிடக்கும்.

"ஆளு இல்லாம நின்னா இப்பிடித்தான் சார் தூக்கிக்கினு நிக்கும். பாக்கறவன் சிரிப்பான். நீங்க போட்டுக் குடுத்த படத்துல எப்பிடி கீதோ அப்பிடியே செஞ்சிருக்கேன்."

"ஆள் உக்காந்தா சமமா வரும் பாய்."

"அது வரும். ஸ்பிரிங்குல ஒரு பட்டைய எடுத்துட்டு மெல்லிசா வேற அடிச்சுப் போட்டாச்சு. பிரேக்குக்கும் எல்லாம் புதுசு. ஆனா நீங்க சொல்றது தான் எனக்குப் பேஜாரா கீது. பிரேக்கு புடிக்கணும், புடிக்கிறது உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியக் கூடாதுன்றீங்க. பிரேக்குன்னா தெரியத்தானே சார் செய்யும்?"

"தெரியக் கூடாது பாய்" என்றார் மாமா.

பாய் டூல்ஸ் பெட்டியைத் திறந்து நாலு எலுமிச்சம்பழம் எடுத்தார். "சக்கரத்துக்கு வெச்சிடலாமா? உங்காளுங்க கேப்பாங்கன்னே எப்பவும் வாங்கி வெச்சிக்கினு கீறேன்." மாமா வேண்டாம் என்றார். பாய் பழங்களைத் திரும்பப் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு நடுவே வைத்தார்.

அத்தை என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். நான் கலைந்த தலையோடு வந்திருந்தேன். எண்ணெய் தொட்டு வாரி இறுக்கமாக இரட்டைப் பின்னல் போட்டாள். அவள் மகளுக்குப் போடுகிற மாதிரியே. ரிப்பனை முடிச்சுப் போடும்போது, "நீங்க வரலையா அத்தை?" என்று கேட்டேன்.

அவள் என் காதருகே குனிந்து வேறொன்று சொன்னாள்.

"மாமா வலிக்குதான்னு கேப்பாரு. வலிக்குதுன்னு சொல்லுடி. வலிச்சாலும் வலிக்காட்டியும் வலிக்குதுன்னு சொல்லு. என்ன?"

நான் தலையாட்டினேன். ஆனால் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. வலிக்கிறது என்று சொன்னால் வண்டி வேலை சரியில்லை என்று ஆகும். வேலை சரியில்லை என்றால் வண்டலூர் கிடையாது. மகள் உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்து ஊர் சுற்றுவது அத்தைக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இப்படிச் சொல்லித் தருகிறாள். ஒன்பது வயதில் எனக்கு இது வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது.

காரில் பின்சீட்டின் வலது பக்கம் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் அது மணல் மூட்டை என்று தெரிந்தது. சாயாமல் இருக்க அத்தையின் பழைய புடவையால் சீட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கு அத்தை அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். இன்று வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அவளுடைய எடைக்கு அந்த மூட்டை. நான் இடது பக்கம் ஏறினேன். வண்டி மெல்ல ஒரு பெருமூச்சு விட்டது போல இறங்கி நின்றது. வெளியே நின்றிருந்த மாமா பின்பக்கத்தை ஸ்கேல் வைத்து அளந்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததைப் பார்த்தேன். மூன்று மாதத்தில் யாரும் பார்க்காத சந்தோஷம்.

"கால மடக்கி வெச்சுக்கோ. கதவுல சாஞ்சுக்கோ. ஆங், அப்படித்தான்" என்றார். பிறகு ஒரு பித்தளை டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி என் கையில் கொடுத்தார். "இத மடியில வெச்சுப் பிடிச்சுக்கோ. சிந்துனா சிந்துச்சுன்னு சொல்லணும்."

முன்சீட்டில் ஏறிய பாய் திரும்பிப் பார்த்து, "இன்னா பாப்பா, டீக்கடைக்கா போற?" என்றார். நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. ஓட்டுகிறவருக்கான கண்ணாடியைக் கீழே திருப்பி, அதில் ரோடு தெரியாமல் என் முகம் மட்டும் தெரியும்படி வைத்தார். வாட்சைப் பார்த்தார். கிளம்பினோம்.

வண்டி நன்றாகத்தான் போனது. பள்ளங்களில் தொட்டில் மாதிரி இறங்கி ஏறியது. தண்ணீர் விளிம்பில் நடுங்கி நின்றது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணாடியில் மாமாவின் இரண்டு கண்கள் என்னிடம் வரும்.

"வலிக்குதா?"

"இல்ல மாமா."

அடுத்த பள்ளம். "வலிக்குதா கண்ணு?"

"இல்ல மாமா."

அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை. மாமா மகளைத்தான் அப்படிக் கூப்பிடுவார். நான் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் என் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. இரட்டைப் பின்னலோடு தெரிந்த அந்த முகம் என்னுடையது மாதிரி இல்லை. பக்கத்தில் மணல் மூட்டை ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் பக்கம் சாய்ந்து, தோளில் கை வைப்பது போல இடித்தது. புடவையில் அத்தையின் வாசனை. வீட்டுக்குப் போய்விட வேண்டும் போல இருந்தது. ஆனால் புலியும் இருந்ததே.

ஒரு முனையில் பஸ் ஒன்று குறுக்கே வந்து நின்றது. மாமாவின் கண்கள் முதல் தடவையாகக் கண்ணாடியிலிருந்து போயின. பாயும் ஜன்னல் வழியே எட்டி, "யோவ், வண்டிய எட்றா" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் டம்ளரை வாயில் வைத்துப் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. சிந்திவிடுமோ என்ற பயம்தான். பிறகு இரண்டு கைகளாலும் டம்ளரின் வாயை மூடிக்கொண்டேன்.

ரயில்வே கேட் தெரிந்தது. மணி அடிக்க ஆரம்பித்தது.

"நிறுத்திடுங்க சார்" என்றார் பாய்.

மாமா நிறுத்தவில்லை. வாட்சைப் பார்த்தார், கண்ணாடியில் என்னைப் பார்த்தார், வண்டியை அழுத்தினார். கேட்டுக்கம்பம் இறங்கத் தொடங்கியிருந்தது. கேட்காரர் கையை ஆட்டிக் கத்தினார். முதல் தண்டவாளம். நான் சீட்டை விட்டு எழும்பி விழுந்தேன். இரண்டாவதில் பற்கள் மோதின. மூன்றாவதில் அடிவயிற்றைப் பிடித்து யாரோ முறுக்கியது போல வலித்தது. மூட்டை முழுசாக என்மேல் சரிந்தது. தாண்டிவிட்டோம். மாமா பிரேக்கை மிதித்தார். வண்டி ரோட்டோரம் சத்தமில்லாமல் வழுக்கி நின்றது. பின்னால் கேட் மூடியது.

மாமா திரும்பினார். கண்ணாடி இல்லாமல் நேராக என்னைப் பார்த்தார்.

"வலிச்சுதா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. அதை உள்ளேயே வைத்துக்கொண்டேன். "இல்ல மாமா."

"கொஞ்சம்கூடவா?"

"இல்ல மாமா. தண்ணிகூட சிந்தல."

அவர் என் பாவாடையைப் பார்த்தார். சுத்தமாகக் காய்ந்திருந்தது.

பாயின் முகம் எப்படியோ ஆகிவிட்டது. "சார், மூட்டையே சாஞ்சிருச்சு, பாருங்க. கொழந்தைக்குக் குலுங்காமலா இருக்கும்?" என்றவர் என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டார். "வலிச்சா வலிச்சுதுன்னு சொல்லும்மா. மாமா ஒண்ணியும் திட்ட மாட்டாரு. வலிச்சுது இல்ல?"

அத்தை இவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். இன்னும் உறுதியாகத் தலையாட்டினேன். இல்லை.

"குழந்தை பொய் சொல்லாது பாய்" என்றார் மாமா. வண்டியை அணைத்தார். மணல் மூட்டையை நிமிர்த்தவில்லை. ஆஸ்பத்திரி வரை போவதாகத்தான் ஏற்பாடு. போகவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு ரயில் போயிற்று. பிறகு இன்னொன்று. மாமா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வேலை நன்றாக வந்த திருப்தியில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது ரயில் போய் கேட் திறந்ததும், "வீட்டுக்குப் போலாம்" என்றார்.

இன்று என் வயது மாமாவின் அன்றைய வயதைவிட அதிகம். இப்போது தெரிகிறது. அவர் வண்டியைச் சோதித்துப் பார்க்கவில்லை. இவ்வளவு செய்த பிறகும் அந்தத் தண்டவாளத்தில் வலித்தது என்று நான் சொல்லியிருந்தால், எந்த ஸ்பிரிங்கும் எந்த பிரேக்கும் அவளைச் சீக்கிரம் கொண்டு சேர்த்திருக்காது என்று ஆகியிருக்கும். அவர் தள்ளிப்போட்டதால் எதுவும் மாறவில்லை என்று ஆகியிருக்கும். அவர் மனிதராக வீடு திரும்பியிருப்பார். நான் வலிக்கவில்லை என்றேன். ஆடி மாதமே வேலையை முடித்திருந்தால் கேட்டைத் தாண்டியிருக்கலாம் என்று, ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் அவருக்கு நிரூபித்துக் காட்டினேன்.

அதற்குப் பிறகு அந்த வண்டி ஓடவில்லை. மாமா இருந்தவரை அது வாசலிலேயே, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. மாலையில் அவர் போய் முன்சீட்டில் உட்காருவார். கண்ணாடி பின்சீட்டைப் பார்த்தபடியே இருக்கும். டயர்கள் காற்றுப் போய் மண்ணில் புதைந்த பிறகும் அப்படித்தான். வண்டலூருக்கு நாங்கள் போகவே இல்லை.

அன்று திரும்பி வந்ததும் பாய் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமா வண்டியை விட்டு இறங்கவில்லை. நான் டம்ளரோடு உள்ளே ஓடினேன்.

"வலிக்கலன்னு சொன்னேன் அத்தை" என்றேன். அவள் தோற்றுவிட்டாள் என்ற எண்ணம் எனக்கு.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். உள்ளே பார்த்தாள். பாதிதான் இருந்தது. என் பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. சட்டென்று அவள் முகத்தில் உயிர் வந்தது.

"மீதித் தண்ணி எங்கடி? குடிச்சிட்டியா?"

நான் ரிப்பன் நுனியைத் திருகினேன்.

அவள் என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள். வண்டிக் கதவருகே மண்டி போட்டு உட்கார்ந்து, டம்ளரை மாமாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "பாருங்க. பாதிதான் இருக்கு. இவ குடிச்சிருக்கா. அதான் சிந்தல. அதுக்கு ஒண்ணும் அர்த்தம் இல்லங்க." பிறகு என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டாள். "குடிச்சேன்னு சொல்லுடி. மாமாகிட்ட சொல்லு. யாரும் உன்ன அடிக்க மாட்டோம். குடிச்சேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா."

மாமா என்னைப் பார்த்தார்.

பெரியவர்கள் அடிக்க மாட்டோம் என்று சொன்னால் எதற்காகச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மூன்று பேரும் அதை நம்பி அடி வாங்கியவர்கள். நான் பாவாடையைக் கையில் சுருட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினேன்.

அத்தையின் கை என் தோளிலிருந்து விழுந்தது. அடி எதுவும் விழவில்லை. தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, ரிப்பன் அவிழ, வீட்டைச் சுற்றி விளையாட ஓடினேன்.